நிலமும் பொழுதும்

ரோமுக்கு வடக்கே நார்னி என்ற ஊரில், ரோமானியர் கட்டிய பாலம் ஒன்று இடிந்து நிற்கிறது. 1826-ல் அங்கே வந்த பிரெஞ்சு ஓவியர் கோரோ, ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்து ஒன்றரை அடி அகலத் தாளில் எண்ணெய் வண்ணத்தில் அந்தக் காட்சியைத் தீட்டினார். முன்னால் வெறும் கரடுமுரடான மண்சரிவு. நடுவில் கலங்கிய ஆறு. பாலத்தின் மிச்சத்தின் மேல் வெயில். அடுத்த ஆண்டு பாரிஸின் சலோன் கண்காட்சிக்காக அதே காட்சியை மூன்றடி அகலத்தில் ஓவியக்கூடத்தில் வரைந்தார். அதில் மண்சரிவு இல்லை. அந்த இடத்தில் பாதை வந்துவிட்டது, ஆடுகளும் மேய்ப்பவர்களும் வந்துவிட்டார்கள், இடப்பக்கம் குடைவிரித்த பைன் மரங்கள் எழுந்துவிட்டன. முதல் படம் லூவரில் இருக்கிறது. இரண்டாவது கனடாவின் ஒட்டாவாவில்.

நிலக்காட்சி ஓவியத்தின் பள்ளிகளையெல்லாம் அளக்க எனக்கு இந்த இரு படங்களே போதும். நம் இலக்கணம் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று சொல்கிறது. நிலத்தை ஓவியக்கூடத்துக்குக் கொண்டுவரலாம். குறிப்பேடு போதும், நினைவு போதும். பொழுதைக் கொண்டுவருவதுதான் அரும்பாடு. கோரோவின் பெரிய படத்தில் நிலம் செம்மையாக அமைந்திருக்கிறது. அந்த வெயில் மட்டும் சின்னத் தாளிலேயே தங்கிவிட்டது.

இது கோரோவின் குறையன்று, அவர் கற்ற மரபின் அளவுகோல். வெளியில் தீட்டுவது பயிற்சி, உள்ளே அமைப்பதே ஓவியம் என்பது அன்றைய பிரெஞ்சுக் கலைக்கழகத்தின் எண்ணம். ஆனால் அந்தப் பயிற்சிக்குக் கறாரான விதி இருந்தது. 1800-ல் வெளியான தம் நூலில் பிரெஞ்சு ஓவியர் வலான்சியென், வெளிப்புறப் படிப்போவியத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றார். சூரியன் எழும்போதும் விழும்போதும் அரைமணிதான். காரணம் எளிது. மணிக்குப் பதினைந்து பாகை சூரியன் நகர்கிறது. இரண்டு மணியில் முப்பது பாகை. அதற்குமேல் உட்கார்ந்தால் படத்தின் ஒரு மூலையில் காலை நிழலும் மறுமூலையில் நண்பகல் நிழலும் விழும். இன்றும் ஒரு திறந்தவெளி ஓவியத்தை மதிப்பிட நான் முதலில் பார்ப்பது நிழல்களின் திசையைத்தான்.

இங்கிலாந்தின் ஓவியர் கான்ஸ்டபிள் வேறு வழி கண்டார். 1821, 1822-ல் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் மேகங்களை மட்டும் தீட்டி, தேதி, நேரம், காற்றின் திசை எல்லாவற்றையும் படத்தின் பின்புறம் எழுதிவைத்தார். ஆறடி அகல ஓவியங்களை லண்டன் ஓவியக்கூடத்தில்தான் வரைந்தார். ஆனால் அதற்கு முன்னால் அதே ஆறடியில் ஒரு முன்வரைவும் தீட்டிப் பார்த்தார். எந்த அரசவையும் கேட்காத, யாருக்கும் விற்க எண்ணாத உழைப்பு அது. சிறு குறிப்பின் வேகம் பெரிய துணியில் செத்துவிடாமல் காக்க ஒரு மனிதர் இவ்வளவு செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. அப்படி உருவான 'வைக்கோல் வண்டி' 1824 சலோனில் தங்கப்பதக்கம் பெற்றது.

பிறகு வெளியில் தீட்ட வசதிகள் பெருகின. பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்த வண்ணத்துக்குப் பதில் 1841-ல் ஜான் ராண்ட் காப்புரிமை பெற்ற தகரக் குழாய் வந்தது. ஃபோன்டன்புளோ காட்டோரம் பார்பிசோன் கிராமத்தில் ஓவியர்கள் ரூசோவும் மியேவும் குடியேறினார்கள். தோபிஞ்ஞி 1857-ல் ஒரு படகையே ஓவியக்கூடமாக்கி வாஸ் ஆற்றில் மிதந்தார்.

மோனே இன்னும் துணிந்தார். எட்டடிக்கு மேல் உயரமான 'தோட்டத்தில் பெண்கள்' படத்தை வெளியிலேயே தீட்ட, தோட்டத்தில் பள்ளம் வெட்டித் துணியை ஏற்றி இறக்கினார். 1867-ல் சலோன் அதை ஏற்கவில்லை. ஆனால் அவர் முழுக்க வெளியில் மட்டுமே தீட்டியவர் என்பது பாதிக் கதை. ரூவான் பேராலயத்தின் முப்பதுக்கு மேற்பட்ட படங்களை 1892, 1893-ல் எதிர்வீட்டு மாடிகளிலிருந்து தொடங்கி, கிவெர்னியின் ஓவியக்கூடத்தில் மாதக்கணக்கில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் முடித்தார். ஒரு பொழுதுக்கு ஒரு துணி என்று பிரித்துக்கொண்டதால் உள்ளே வந்தபின்னும் பொழுது கலையவில்லை. கோரோவால் கொண்டுவர முடியாததை மோனே கொண்டுவந்தது இப்படித்தான்.

இந்த விதிகளை நம் ஊர் வெயிலில் அப்படியே வைக்க முடியாது. 1792-ல் தெற்கே புறப்பட்ட ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் உடன்பிறந்தவர் மகன் வில்லியமும் பாபநாசம் அருவிவரை வந்து வரைந்தார்கள். அந்தக் குறிப்புகளை லண்டனில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார்கள். பாறையும் நீரும் நம்முடையவை; வெளிச்சம் மட்டும் இங்கிலாந்தின் மென்மையோடு இருப்பதாக எனக்குப் படுகிறது. பாரிஸில் அந்தி நீள்கிறது. நமக்கு வலான்சியென் தந்த அரைமணிகூடக் கிடைக்காது. சூரியன் விழுந்த சற்று நேரத்தில் இருட்டிவிடும். நண்பகலில் நிழல் மரத்தின் காலடியில் ஒடுங்கிவிடும். சித்திரை வெயிலில் நீர்வண்ண வாஷ் தாளின் மறுகோடியைத் தொடுமுன் இந்தக் கோடி காய்ந்து வரிகட்டும். அதனால்தான் வெளியே போகும் நம் ஓவியர்கள் விடியுமுன்பே பலகையும் தண்ணீர்ப் புட்டியுமாகக் குளக்கரையில் இடம்பிடிக்கிறார்கள். எட்டரைக்கெல்லாம் தூரிகையைக் கழுவி வைத்துவிடுகிறார்கள். மீதியை மறுநாள் அதே வேளையில், அதே படியில் உட்கார்ந்து தொடர்கிறார்கள்.