கை ஊன்றாமல் எழுந்தவர்கள்

உயரம் தாண்டுபவர் விழுவதற்கு மெத்தை போட்டிருப்பார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் முழங்காலை மடக்கி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளலாம். 1943-இல் வந்த ‘ஸ்டார்மி வெதர்’ படத்தின் உச்சக்கட்டத்தில் ஃபேயர்ட் நிக்கோலஸ், ஹெரால்ட் நிக்கோலஸ் என்ற டேப் நடன அண்ணன் தம்பிக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. எதிரே பெரிய படிக்கட்டு. உடம்பில் வால் கோட்டு. ஒருவர் ஒரு படியில், கால்களை முன்னும் பின்னுமாக நீட்டி விரிக்கும் ஸ்ப்ளிட்டில் இறங்குகிறார். பின்னால் நிற்பவர் அவரைத் தாவிக் கடந்து, அடுத்த படியில் அதே ஸ்ப்ளிட்டில் விழுகிறார். இப்போது முதலாமவர் எழ வேண்டும், கீழே இருப்பவரைத் தாண்ட வேண்டும். படிகள் தீரும்வரை மாறி மாறி இதுதான்.

பார்த்தவர்கள் எல்லோரும் அந்தத் தாவலைத்தான் பேசுகிறார்கள். எழும் விதத்தைக் கவனியுங்கள் என்பேன் நான். கால்கள் முன்னும் பின்னுமாக நீண்டு கிடக்கும்போது எழ வேண்டுமென்றால் யாரும் கையைத் தரையில் ஊன்றுவார்கள். இவர்கள் ஊன்றவில்லை. தொடைத் தசைகளே இரண்டு கால்களையும் இழுத்து ஒன்று சேர்க்க, கயிறு கட்டித் தூக்கியதுபோல உடம்பு நேராக மேலே வருகிறது. கைகளுக்கு வேலை இல்லாததால் அவையும் ஆடுகின்றன. ஃபேயர்டின் விரல்களைப் போல அழகான விரல்களை டேப் நடனத்தில் நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. கேப் காலோவேயின் வாத்தியக்குழு அசுர வேகத்தில் வாசிக்கிறது. அந்த வேகத்திலும் மிருதங்கக்காரர் கோர்வையை முடித்துச் சமத்தில் இறங்குவதுபோல ஒவ்வொரு முறையும் தாளத்திலேயே விழுகிறார்கள். தசை பலத்தால் மட்டும் இது வராது. தாளம் உடம்பில் ஊறியிருக்க வேண்டும்.

நடன அமைப்பாளர் நிக் காஸில், ஒத்திகை வேண்டாம், நேரே செய்துவிடுங்கள் என்றாராம். ஒரே டேக்கில் முடிந்தது என்று சகோதரர்கள் பின்னாளில் சொன்னார்கள். திரையில் தான் பார்த்த இசை நடனக் காட்சிகளிலேயே மிகச் சிறந்தது இது என்று அவர்களிடம் சொன்னவர் ஃபிரெட் அஸ்டேர். தொழிலில் முதலிடத்தில் இருந்தவரின் தீர்ப்பு அது.

ஒத்திகை இல்லை என்பதற்காக அதை அதிர்ஷ்டம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த ஒரே டேக்குக்குப் பின்னால் பதினைந்து ஆண்டு உழைப்பாவது இருக்கிறது. ஃபேயர்ட் 1914-இல் பிறந்தவர், ஹெரால்ட் 1921-இல். அம்மா பியானோ, அப்பா டிரம்ஸ். பிலடெல்ஃபியாவின் ஸ்டாண்டர்ட் தியேட்டரில் பெற்றோர் வாசிக்க, முன்வரிசையில் உட்கார்ந்து ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பார்த்தே மூத்தவர் கற்றார். அவரைப் பார்த்து இளையவர் கற்றார். நடனப் பள்ளிக்கு இருவரும் போனதில்லை. 1937-இல் ‘பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்’ மேடை நாடகத்தில் இவர்களை ஆட வைத்த பாலே மேதை ஜார்ஜ் பாலன்சின், பாலே படித்தவர்களா என்று விசாரித்திருக்கிறார். அந்தக் கேள்வியே போதுமான பாராட்டு.

அதற்கு முன்பே, 1932-இல், நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப் என்ற இரவு விடுதி இவர்களை எடுத்துக்கொண்டது. மேடையில் கறுப்பர்கள் ஆடுவார்கள், பார்க்க வெள்ளையர்கள் வருவார்கள். அப்போது ஹெரால்டுக்கு வயது 11.

ஹாலிவுட்டும் இதே கணக்கைத்தான் போட்டது. இவர்களின் காட்சிகள் பெரும்பாலும் கதையோடு ஒட்டாமல் தனியாக நின்றன. நாயகன் நாயகியோடு பேச்சு இல்லை. வருவார்கள், ஆடுவார்கள், போய்விடுவார்கள். கறுப்பர்களைத் திரையில் காட்ட அமெரிக்கத் தென் மாநிலத் தியேட்டர்கள் வேண்டாம் என்றால் வெட்டிவிட வசதி. ‘ஆர்கெஸ்ட்ரா வைவ்ஸ்’ (1942) படத்தில் ஹெரால்ட் சுவரில் ஓடி ஏறி, பின்புறமாகக் குட்டிக்கரணம் போட்டு ஸ்ப்ளிட்டில் இறங்குகிறார். பத்து ஆண்டு கழித்து ‘சிங்கிங் இன் த ரெயின்’ படத்தில் டொனால்ட் ஓ’கானர் சுவரேறியது உலகத்துக்கே தெரியும். அந்தப் புகழுக்கு அவர் தகுதியானவர்தான். ஆனால் ஹெரால்டின் சுவரையும் அதே மூச்சில் சொல்ல வேண்டாமா?

‘ஸ்டார்மி வெதர்’ கறுப்பினக் கலைஞர்களுக்கென்றே எடுத்த படம். அதனால்தான் படத்தின் உச்சியிலேயே இவர்களுக்கு இடம் கிடைத்தது. இத்தனை திறமை இருந்தும் அப்படி ஓர் இடம் கிடைக்க இப்படி ஒரு படம் வரவேண்டியிருந்தது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. 1948-இல் ‘த பைரேட்’ படத்தில் ஜீன் கெல்லி இவர்களைத் தனக்குச் சமமாக நிறுத்திச் சேர்ந்து ஆடினார். தெற்கே சில ஊர்களில் அந்தக் காட்சியையும் வெட்டினார்கள். அதன் பிறகு ஹாலிவுட் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்ள, ஐரோப்பிய மேடைகள் இவர்களை அழைத்தன. ஹெரால்ட் பல ஆண்டுகள் பாரிஸிலேயே வாழ்ந்தார்.

அந்தப் படிகளுக்கு உடம்பும் விலை கொடுத்தது. மூட்டுவாதம் வந்து ஃபேயர்டுக்கு இரண்டு இடுப்பு மூட்டுகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கும் பிறகு, 75-ஐ நெருங்கும் வயதில், பிராட்வேயின் ‘பிளாக் அண்ட் ப்ளூ’ நிகழ்ச்சிக்காக மற்றவர்களின் கால்களுக்கு அவர் அடவு அமைத்தார். சோலி அட்கின்ஸ், ஹென்றி லெடாங், ஃபிராங்கி மானிங் ஆகியோரோடு சேர்ந்து 1989-இல் அவர் பெற்ற டோனி விருது அதற்குத்தான்.