பழகிய ஓசை: மரபா, மறுபதிப்பா?

கலைஞர் ஒருவர் முதுமையெய்திய பின்னும் படைக்க முற்படும்போது இருவகைக் குறைகூறலுக்கு ஆளாகிறார். புதியது செய்தால், "இது அவர் குரல் அன்று" என்பர். பழையதைச் செய்தால், "இதைத்தான் முன்னரே கேட்டுவிட்டோமே" என்பர். இவ்விரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே வினா: மரபைக் காப்பது என்றால் என்ன? இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 2023 அக்டோபர் 20 அன்று வெளியிட்ட 'ஹேக்னி டைமண்ட்ஸ்' என்னும் இசைத்தொகுப்பு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

1962-இல் லண்டனில் முதன்முதலாக மேடையேறிய குழு இது. 2005-க்குப் பின், 18 ஆண்டுகள் கழித்து, தாமே இயற்றிய பாடல்களைக் கொண்டு இவர்கள் அளித்த முதல் தொகுப்பு இதுவே. இடையில் 2016-இல் வந்தது பிறருடைய புளூஸ் பாடல்களின் தொகுப்பு. இது வெளியானபோது பாடகர் மிக் ஜாகருக்கு 80 வயது நிறைந்திருந்தது. கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் அவ்வயதை எட்டிக்கொண்டிருந்தார். தலைப்போ லண்டன் பேச்சுவழக்கு; கார்க் கண்ணாடியை உடைத்துத் திருடியபின் தெருவில் சிதறிக் கிடக்கும் சில்லுகளையே அது 'வைரங்கள்' என்கிறது.

இக்குழுவின் 'பழகிய ஓசை' எதனால் ஆனது என்பதை முதலில் காண்போம். ரிச்சர்ட்ஸ் தம் கிதாரின் ஆறு தந்திகளுள் மிகத் தடித்ததை அகற்றிவிட்டு, எஞ்சிய ஐந்தையும், விரல் வைக்காமலே ஒரு முழுச் சுரக்கூட்டு ஒலிக்குமாறு சுருதி கூட்டுவார். அறுபதுகளின் இறுதியில் அவர் கைக்கொண்ட முறை இது. ஓரிரு விரல்களின் அசைவிலேயே பாடலின் முகவரி பிறந்துவிடும். மற்றொன்று சார்லி வாட்ஸின் தாளம். பக்க முரசில் அடி விழும் கணத்தில், சிறு தாளத்தட்டை இசைக்கும் வலக்கையை அவர் தூக்கிவிடுவார். அவ்விடத்தில் ஒரு சிறு வெற்றிடம் தோன்றும், பாடல் மூச்சுவிடும். ஆக, இக்குழுவின் அடையாளம் ஒலியில் மட்டுமன்று, விட்டுவிட்ட ஒலியிலும் இருந்தது. இதை மறந்தவர் இவர்களைப் போல் வாசிக்கலாம். இவர்களாக வாசிக்க முடியாது.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் தொகுப்பின் முற்பகுதி மனநிறைவு தரவில்லை. முதற்பாடலான 'ஆங்ரி' தொடங்கிய நொடியிலேயே யாருடையது என்பது விளங்கிவிடுகிறது. 1981-இன் 'ஸ்டார்ட் மீ அப்' நம் நினைவில் எழுகிறது. குறை அதுவன்று, அந்த ஒலி இழைத்து மெருகேற்றப்பட்டு, இடைவெளியின்றி நிரப்பப்பட்டிருப்பதே குறை. தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் 1990-இல் பிறந்தவர். இப்பாடல் உட்பட மூன்று பாடல்களின் ஆக்கத்திலும் பங்குகொண்டவர். இளமையிலிருந்தே இக்குழுவைக் கேட்டு வளர்ந்த ஒருவர், அதற்கே அதன் சாயலை மீட்டுத் தருகிறார். அன்பின் செயல்தான், ஐயமில்லை. ஆயினும் அன்பு சில வேளைகளில் சுருக்கங்களை மறைத்து ஓவியம் தீட்டிவிடுகிறது. எண்பது வயதுக் குரலில் நாம் கேட்க விரும்பும் நடுக்கமும் தளர்வும் இங்குத் துடைக்கப்பட்டுள்ளன.

வாட்ஸ் 2021 ஆகஸ்ட் 24 அன்று தம் 80-ஆம் வயதில் மறைந்தார். பெரும்பாலான பாடல்களில் ஸ்டீவ் ஜோர்டன் முரசு வாசிக்கிறார். அவர் ரிச்சர்ட்ஸின் நெடுநாள் தோழர். உறுதியும் வலிமையும் மிக்க கலைஞர். வாட்ஸைப் போலி செய்ய அவர் முனையாதது பாராட்டத்தக்கது. இரண்டு பாடல்களில் மட்டும் வாட்ஸ் முன்னரே பதிவுசெய்த வாசிப்பு இடம்பெறுகிறது. அவற்றுள் ஒன்று 'லிவ் பை த ஸ்வோர்ட்'. கெத்சமனித் தோட்டத்தில் வாளுருவிய சீடரிடம் இயேசு கூறிய சொல்லே ஆங்கிலத்தில் பழமொழியாகி இத்தலைப்பாகியுள்ளது. 1993-இல் குழுவை விட்டு விலகிய பில் வைமனும் இப்பாடலுக்காகத் திரும்பி வந்து பேஸ் கிதார் இசைக்கிறார். பாடல் பெரிதன்று, ஆனால் தாளம் தொடங்கியதும் செவி நிமிர்கிறது. இறந்தவர் ஒருவரின் கை உயிருள்ளோரை நடத்திச் செல்கிறது. பழகிய ஓசை என்பது உத்தியன்று, ஓர் ஆள் என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்க இயலாது.

தொகுப்பின் சிகரம் 'ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்'. ஏழு நிமிடங்களுக்கு மேல் நீளும் இப்பாடலில் ஸ்டீவி வொண்டர் பியானோ முதலியவற்றை இசைக்க, லேடி காகா ஜாகருடன் குரலிணைக்கிறார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் கோவில்களில் பிறந்த காஸ்பல் இசையே இதன் ஊற்று. இவர்களுக்கு இது புதிதன்று. 1972-இன் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' தொகுப்பிலும் அதன் சாயல் உண்டு. அம்மரபில் பாடல் முடிந்த பின்னும் முடிவதில்லை. ஒருவர் குரலெழுப்ப, மற்றவர் மறுமொழி தர, மீண்டும் எழும். இங்கும் இசை அடங்கி ஓய்ந்தபின் பியானோ மெல்ல அழைக்கிறது. குரல்கள் திரும்ப எழுகின்றன. இதைச் செபம் என்று நான் துணிந்து கூறமாட்டேன். நம்பிக்கையறிக்கை எதையும் இக்குழுவினர் இதனால் செய்துவிடவில்லை. ஆனால், தம்மை முன்னிறுத்தியே ஆறு பதிற்றாண்டுகள் பாடிய ஒருவர், தம்மினும் பெரிதான ஓசைக்குச் செவிசாய்க்கும் மனநிலை இதில் உண்டு. வடிவம் பழையது, மனநிலை முதுமையில் மட்டுமே வாய்ப்பது.

இறுதிப் பாடல் மடி வாட்டர்ஸ் 1950-இல் பதிவுசெய்த 'ரோலிங் ஸ்டோன்'. குழு தன் பெயரைப் பெற்றது அப்பாடலிலிருந்தே. 1961-இல் டார்ட்போர்டு ரயில் நிலையத்தில் ஜாகரின் கையிலிருந்த இசைத்தட்டுகளுள் மடி வாட்டர்ஸும் இருந்தார். அவையே ரிச்சர்ட்ஸை அவர்பால் ஈர்த்தன. அறுபதாண்டுகளுக்குப் பின் அவ்விருவர் மட்டும் அமர்ந்து, ஒருவர் கிதார் மீட்ட, மற்றவர் பாடி ஆர்மோனிக்கா ஊதுகிறார். மெருகு இல்லை, இரைச்சல் இல்லை, இடைவெளிகள் மீண்டும் வந்துவிட்டன.

முதற்பாடலும் இறுதிப்பாடலும் 'பழையவை'தாம். எனில் முன்னது சலிப்பூட்டவும் பின்னது நெஞ்சைத் தொடவும் காரணம் என்ன? முன்னதில் குழு தன்னையே பின்பற்றுகிறது. பின்னதில் தன்னை உருவாக்கியவரிடம் திரும்புகிறது. தன்னையே திரும்பச் சொல்வது பழக்கம். தனக்குத் தரப்பட்டதை நன்றியுடன் ஒப்படைப்பது மரபு. இத்தொகுப்பு 2025-இல் சிறந்த ராக் இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அவ்விருது முழுத் தொகுப்புக்கு. நம் பாராட்டு, முதன்மையாக, அதன் கடைசிப் பத்து நிமிடங்களுக்கு.