காதற் படக்கதையும் கொடுமையும்

காதற் கதையில் கொடுமைக்கு இடம் உண்டா என்னும் வழக்குப் பழையது. அமெரிக்காவில் ஜோ சைமனும் ஜாக் கெர்பியும் 1947-இல் 'யங் ரொமான்ஸ்' இதழைத் தொடங்கிக் காதற் படக்கதைக்கு வழி திறந்தனர். 1954-இல் பதிப்பாளர்கள் தாமே ஒரு நெறிமுறை வகுத்தனர். காதற் கதைகள் இல்லத்தின் மேன்மையையும் திருமணத்தின் தூய்மையையும் வலியுறுத்தல் வேண்டும் என்றது அது. திருமணத்துக்கு உள்ளேயே அடி விழுந்தால் அதனை வரைவது எங்ஙனம்? அவர்கள் விலக்கியது இருளை அன்று, இருளைப் பற்றிய பேச்சை என்றே நாம் கருதுகிறோம்.

1972-இல் தோன்றிய முத்து காமிக்ஸும் 1984-இல் வந்த லயன் காமிக்ஸும் துப்பறிதலையும் வீரத்தையுமே பெரிதும் நாடின. ஆதலின் தமிழில் இவ்வழக்கு சிறுகதையில் நிகழ்ந்தது. 1966-இல் ஆனந்த விகடனில் வெளியான ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' நினைவிருக்கும். மழைநாளில் காரில் ஏற்றப்பட்டுக் கேடுற்றுத் திரும்பிய மாணவியின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, களங்கமில்லை என ஏற்றுக்கொள்கிறாள். கண்டனங்கள் எழுந்தன. தாய் ஏற்காதிருந்தால் என்னாகும் என்பதையே பின்னர் அவர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்னும் புதினமாக்கினார். 1972-இல் அது சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது. அதில் புகலிடம் தந்த மாமனே அவள்மீது கண் வைக்கிறான். காரில் வந்தவனினும் இம்மாமனே நம்மை அஞ்ச வைக்கிறான்.

திருப்புறம், பாறசாலைப் பக்கத்து நம் குடும்பங்கள் 'பைங்கிளி' என்னும் மலையாள ஏளனச் சொல்லை அறியும். முட்டத்து வர்க்கியின் 'பாடாத்த பைங்கிளி' தந்த பெயர் அது. ஏளனம் செய்தோர் பலர். அக்கதைகளில் பெண் எதனைப் பொறுத்துக் கொள்கிறாள் என்று படித்துப் பார்த்தோர் சிலரே.

இன்று நம் பிள்ளைகள் கைபேசியில் படிக்கும் படக்கதைகளுள் ஒன்று, நியூசிலாந்தைச் சேர்ந்த ரேச்சல் ஸ்மைத்தின் 'லோர் ஒலிம்பஸ்' (2018-2024). 2022-இல் ஐஸ்னர் விருது பெற்றது. கிரேக்கப் புராணத்தில் பாதாள மன்னன் ஹேடிஸ் பெர்செபோனியைக் கவர்ந்து செல்கிறான். ஸ்மைத் அதனைக் காதலாக்கி, வன்கொடுமையை அப்பல்லோவின்மேல் ஏற்றினார். அதனைக் கதை கொடுமை என்றே காட்டுகிறது. வெளியில் சொல்ல அவள் படும் தயக்கத்தையும் பொறுமையாக வரைகிறது. இவ்விடத்தில் ஸ்மைத் ஜெயகாந்தனுக்கு அயலார் அல்லர்.

ஆனால் ஹேடிஸ்? அவளுக்கு வயது பத்தொன்பது. அவனோ ஊழிகள் கண்டவன். அவனுடைய நிறுவனத்திலேயே அவள் பயிற்சி பெறுகிறாள். வாசகரிடையே எழுந்த வழக்கும் இதுபற்றியதே. அவளது இளஞ்சிவப்பும் அவனது நீலமும் ஏடு நிறையக் கலக்கும்போது, அவ்வேற்றத்தாழ்வு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.