இழுத்தது யார்? ஒரு மணியின் ஆட்ட அலசல்

இந்தப் பத்தியில் வழக்கமாகப் பந்து உருளும். இந்த வாரம் உருளப்போவது கண்ணாடி. ஆசிரியர் முகத்தைச் சுளித்தார். ஒரு அணி, இடையில் நிறுத்தி யோசிக்க நேரமில்லாத ஆட்டம், ஒரு கை தடுமாறினால் மொத்தமும் பாழ். இதை விளையாட்டுப் பக்கத்தில் எழுதாமல் வேறு எதில் எழுதுவது என்று கேட்டேன். சரி, ஒரு வாரம் மட்டும் என்றார்.

களம் நம் பேராக்தான். தைப்பிங்குக்கு மேற்கே, மாத்தாங் கண்டல் காடு கடலைத் தொடும் பகுதியில் கோலா செலின்சிங் இருக்கிறது. 1883-இல் தொடங்கிய தைப்பிங் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஐவர் எவன்ஸ், 1920-களிலும் 30-களின் தொடக்கத்திலும் அந்தச் சேற்றைத் தோண்டினார். மண்பாண்டங்கள், தோணியில் கிடத்திப் புதைத்த எலும்புகள், விஷ்ணுவர்மன் என்ற பெயர் பழைய இந்திய எழுத்தில் பொறித்த கார்னீலியன் முத்திரை எல்லாம் கிடைத்தன. பேரும் புகழும் முத்திரைக்குப் போயின. கோல் போட்டவனுக்குத்தான் எப்போதும் தலைப்புச் செய்தி.

எனக்கு முக்கியமாகப் பட்டது நடுக்களம்: அங்கே கிடைத்த கண்ணாடி மணிகள். முழுமையான மணிகளோடு அரைகுறை மணிகளும் கண்ணாடிக் கட்டிகளும் கிடைத்திருக்கின்றன. மணியை வாங்கிக் கழுத்தில் போட்டவர் கழிவை விட்டுப்போக மாட்டார், செய்தவர்தான் விட்டுப்போவார். ஆகவே இது சொந்தத் திடலில் ஆடிய ஆட்டம், கப்பலில் வந்து இறங்கிய சரக்கு மட்டுமல்ல.

இந்த வகை மணிகளை அருங்காட்சியகத்தில் பார்க்கும்போது முதலில் ஏமாற்றம்தான் வரும். பெரும்பாலானவை 5 மில்லிமீட்டரைத் தாண்டாது. செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என ஒரு மணிக்கு ஒரே நிறம். பூ வேலைப்பாடோ கோடோ கிடையாது. பார்வையாளர் சில நொடி குனிந்துவிட்டு அடுத்த பெட்டிக்கு, பெரும்பாலும் கிரிஸ் கத்தி இருக்கும் பெட்டிக்கு நகர்ந்துவிடுவார். ஆனால் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் சூட்டிய இவை, ஆப்பிரிக்கக் கரை முதல் கிழக்காசியா வரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் விற்றுத் தீர்ந்தவை. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அரிக்கமேடு, இலங்கையின் மாந்தை, வியட்நாமின் ஒக் இயோ, நம் கோலா செலின்சிங் ஆகியவை இந்த லீக்கின் முக்கியத் திடல்கள்.

இனி ரீப்ளே. கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கி ஒரு மணியின் பக்கவாட்டைப் பாருங்கள். கண்ணாடிக்குள் நுண்ணிய கோடுகளும் காற்றுக்குமிழ்களும் தெரியும். அவை துளையைச் சுற்றி வளைந்தால், உருகிய கண்ணாடியைக் கம்பியில் ஒவ்வொன்றாகச் சுற்றிச் செய்த மணி. அது ஒற்றையர் ஆட்டம். கோடுகள் துளைக்கு இணையாக நேராக ஓடினால், நீளக் குழலாக இழுத்துத் துண்டு போட்ட மணி. இந்தோ-பசிபிக் மணிகள் இரண்டாவது ரகம். ஒரே இழுப்பில் ஆயிரக்கணக்கில் வருவதால்தான் அவ்வளவு மலிவாக, அவ்வளவு தூரம் போக முடிந்தது.

அந்த ஆட்டத்தை நேரில் பார்த்துப் பதிவு செய்ய ஆய்வாளர்களுக்குக் கிடைத்த கடைசி இடங்களில் ஒன்று, ஆந்திராவில் ஸ்ரீகாளஹஸ்தி வட்டாரத்துப் பாப்பாநாயுடுபேட்டை. 'லடா' என்ற நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைத் திரட்டுகிறார்கள். கட்டி கனமானது. சமமாக உருட்டி, உள்ளே குழிவான கூம்பாக்கி, மறுபடி உலைக்குள் நுழைக்கிறார்கள். உலையின் எதிர்ப்புறம் நிற்கிற மேஸ்திரி, கொக்கியால் நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்குகிறார். நூல்போல் வருகிற அந்தக் குழலைத் துண்டு துண்டாக ஒடித்து வைத்துக்கொண்டே, கட்டி தீரும்வரை மணிக்கணக்கில் இழுப்பு தொடரும். நடுவில் தேநீர் இடைவேளை கிடையாது. பிறகு குழல்களைக் கட்டாகப் பிடித்து, நட்டு வைத்த இரும்பு விளிம்பில் வைத்து மணிமணியாக வெட்டுவார்கள். வெட்டிய முனை கூர்மையாக இருக்கும். சாம்பலில் புரட்டிச் சூடேற்றினால் முனைகள் மழுங்கும், ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்கும். கடைசியில் சலித்துக் கோப்பார்கள்.

ஆட்டத்தின் திருப்புமுனை இழுப்பின் வேகம். வேகம் கூடினால் குழல் மெலியும், குறைந்தால் தடிக்கும். உலையின் சூடு ஏறி இறங்கினால் அதற்கேற்ப கையும் மாற வேண்டும். அளவுகோல் வைத்துப் பார்க்க நேரமில்லை, விரலுக்குத் தெரிய வேண்டும். பேராக்கில் பால்மரம் சீவியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பட்டையில் உளி கொஞ்சம் மேலோட்டமாகப் போனால் பால் வராது, கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். இருட்டு விலகும் முன்பே, ஒரு மரத்துக்குச் சில நொடிகளில், நூற்றுக்கணக்கான மரங்களில் அதைச் செய்தவர்களைக் கணக்குப் புத்தகம் வெறும் 'கூலி' என்று எழுதியது. திறன் இருந்ததற்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

கோலா செலின்சிங்கில் இழுத்தவர் யார்? இங்குதான் நம்மவர்கள் கொடி தூக்கிவிடுகிறார்கள். அரிக்கமேட்டுக் கைவினைஞர்களோடு இந்தத் தொழில்நுட்பம் கடல் கடந்து பரவியது என்பது பிரான்சிஸின் வாதம். உள்ளூரார் கற்றுக்கொண்டு தாங்களே செய்தார்கள் என்று சொல்வோரும் உண்டு. ஆட்டக்காரர் வந்தாரா, ஆட்டம் மட்டும் வந்ததா என்பதற்கு நடுவர் இன்னும் விசில் ஊதவில்லை. எனக்குத் தோன்றுவது: லடா பிடிக்கிற கை புத்தகத்தைப் பார்த்துப் பழகாது. யாரோ சிலராவது வந்து பக்கத்தில் நின்று காட்டியிருக்க வேண்டும். அதற்காக எல்லா மணியும் தமிழன் மணி என்று பதாகை பிடிப்பது, ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு கோப்பை முழுவதும் எங்களுடையது என்பதைப் போல. அதே கிரியான் - மாத்தாங் கரையோரத்துக்கு 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தார்கள், பிறகு கித்தாத் தோட்டங்கள் வந்தன. மணி இழுத்தவர்களுக்கும் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கும் நடுவே பல நூற்றாண்டு இடைவெளி. அதைத் தாவிக் கடப்பது ஆஃப்சைடு.

கண்ணாடி அணியாட்டம் என்பதற்கு இன்றைய சாட்சி வேண்டுமா? அமெரிக்காவின் டகோமாவில் 2002-இல் திறந்த கண்ணாடி அருங்காட்சியகத்தில், உலைக்கூடத்தைச் சுற்றிப் பார்வையாளர் வரிசைகளே கட்டியிருக்கிறார்கள். ஊதுவதை உட்கார்ந்து பார்க்கலாம். அந்த ஊரில் பிறந்த கண்ணாடிக் கலைஞர் டேல் சிஹூலி 1976-இல் கார் விபத்தில் ஒரு கண் பார்வையை இழந்தார். 1979-இல் அலைச்சறுக்கில் தோள்பட்டை கழன்றது. அதன் பிறகு ஊதுகுழலைப் பிறரிடம் கொடுத்துவிட்டு, ஓவியம் வரைந்து காட்டி அணியை நடத்தினார். காயத்தால் ஆட்டக்காரர் பயிற்சியாளரான கதை. அவருடைய பெரும்புகழ் படைப்புகள் பலவும் அதற்குப் பின்னால் வந்தவை. அவர் பெயர் எல்லா அட்டையிலும் இருக்கிறது, ஊதியவர்கள் பெயர் அபூர்வமாகத்தான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் டகோமாவும் கோலா செலின்சிங்கும் ஒரே நிலை.

நம் காட்சிப் பெட்டிகள்மீது என் புகார் இதுதான். நல்ல மணிகளைப் பொறுக்கி வெல்வெட்டில் வைப்பது, ஸ்கோரை மட்டும் ஒட்டிவிட்டுப் போட்டியை ஒளிபரப்பாமல் விடுவது. தவறுகளைப் பார்த்தால்தான் ஆட்டம் புரியும். சாம்பல் போதாமல் ஒட்டிக்கொண்ட இரட்டை மணி, வெட்டும்போது சாய்வாகப் போன துண்டு, துளை அடைத்துப்போன குழல், உருண்டை பிடிக்காத கட்டி எல்லாவற்றையும் நல்ல மணிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பக்கத்துச் சுவரில் ஒரு திரை மாட்டி, லடா இழுப்பின் பதிவை ஓடவிடுங்கள். தேசிய தினத்துக்கு வாடகைக்கு எடுக்கிற எல்.இ.டி. பலகைக்கு ஆகிற செலவுகூட ஆகாது. பெட்டிக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கட்டினால் இன்னும் நல்லது. ஈப்போவில் அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கிக்கு மூலையில் உட்கார்ந்து கோணம் சரியில்லை என்று சண்டை போடுகிற ரசிகர்கள் நாம். கோடு துளையோடு ஓடுகிறதா, சுற்றி வளைகிறதா என்று பார்க்க ஒரு லென்ஸ் கேட்பதில் தப்பில்லை.