சர்ஜன் நாற்காலிக்கு வந்த பிறகு

ஆஸ்பத்திரியை யார் நடத்துவது, டாக்டரா மேனேஜரா என்று பேச்சு வந்தால் உடனே ஒரு கட்டுரையை எடுத்து நீட்டுவார்கள். அமாண்டா குடால் 2011ல் 'சோஷியல் சயன்ஸ் அண்ட் மெடிசின்' இதழில் எழுதியது. புற்றுநோய், செரிமானக் கோளாறு, இதயம் ஆகிய மூன்று துறைகளில் அமெரிக்கத் தரவரிசையின் முதல் 100 மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டு, தலைமை அதிகாரி டாக்டரா இல்லையா என்று பார்த்திருக்கிறார். டாக்டர்கள் தலைமை வகிக்கும் இடங்களில் தர மதிப்பெண் சுமார் 25 சதவீதம் அதிகம். சர்ஜன்கள் நிர்வாகத்துக்கு வரவேண்டும் என்று வாதாடுகிறவர்களுக்கு இது நல்ல கைத்தடி.

எனக்கும் இந்த வாதம் பிடித்துத்தான் இருந்தது. தியேட்டருக்குள் நின்றே பார்க்காத ஒருவர் தியேட்டர் அட்டவணை போடுவதை யார்தான் விரும்புவார்? ஆனால் இந்த முறை நிதானமாகப் படித்தபோது சில இடங்களில் இடறியது.

முதலாவது எளிது. இது ஒரே சமயத்தில் எடுத்த படம். டாக்டர் வந்ததால் ஆஸ்பத்திரி உயர்ந்ததா, உயர்ந்த ஆஸ்பத்திரி டாக்டரைத் தேடிப் பிடித்ததா என்று சொல்ல முடியாது. குடாலே இதை ஒத்துக்கொள்கிறார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள்தான் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள். போதாததற்கு, அந்தத் தரவரிசையில் சக டாக்டர்களிடம் கேட்டு வாங்கிய நற்பெயருக்கும் பங்கு உண்டு.

இரண்டாவதுதான் முக்கியம். கட்டுரை தலைவர் யார் என்று கேட்கிறது. தலைவரின் வேலையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கவில்லை. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஒன்று போதும்.

அங்கே குழந்தைகளுக்கு இதய அறுவை செய்துவந்த மூத்த சர்ஜன் ஜேம்ஸ் விஷார்ட். 1990களின் தொடக்கத்தில் அதே அமைப்பின் மருத்துவ இயக்குநராகவும் ஆனார். தலைமை நிர்வாகி ஜான் ராய்லன்ஸும் டாக்டர்தான், கதிரியக்கத் துறையிலிருந்து வந்தவர். அதாவது, குடாலின் அளவுகோலை வைத்தால் பிரிஸ்டலுக்கு 'டாக்டர் தலைமை' என்று டிக் விழும்.

ஸ்டீபன் பால்சின் என்ற மயக்க மருத்துவர் 1988ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். குழந்தைகள் இறப்பது அதிகமாகத் தெரிந்தது. 1990ல் ராய்லன்ஸுக்குக் கடிதம் எழுதினார், பிறகு எண்களையும் சேகரித்தார். ஆனால் அறுவை முடிவுகள் சரியில்லை என்ற புகார் மேலே போனால் எங்கே போய் நிற்கும்? மருத்துவ இயக்குநரின் மேஜையில். அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவரே அந்த சர்ஜன்!

இயன் கென்னடி தலைமையிலான விசாரணை அறிக்கை 2001ல் வந்தது. 1991 முதல் 1995 வரை, சராசரியான ஒரு பிரிவில் எதிர்பார்க்கக்கூடியதைவிட ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 30 முதல் 35 பேர் அதிகமாக இறந்தார்கள் என்று அது கணக்கிட்டது. அதிகாரம் ஒரு சிலர் கையில் குவிந்து, ஒரு கிளப் மாதிரி நடந்ததையும் சொன்னது. அங்கே தொழில் தெரியாத மேனேஜர் என்று குறை சொல்ல ஆளே இல்லை. தொழில் தெரிந்தவர்களே நடத்தினார்கள்.

ராய்லன்ஸின் வாதம் என்னவென்றால், நான் நிர்வாகி, சிகிச்சை விஷயம் சர்ஜன்கள் பாடு. ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் 1998ல் அவரையும் விஷார்ட்டையும் பதிவேட்டிலிருந்து நீக்கியது. ராய்லன்ஸ் மேல்முறையீடு செய்தார். 1999ல் பிரிவி கவுன்சிலும் கேட்கவில்லை. நாற்காலிக்கு மாறினாலும் டாக்டரின் கடமை கூடவே வரும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். தலைமைப் பயிற்சி பற்றிய கட்டுரைகளில் இந்தத் தீர்ப்பு ஏன் கண்ணில் படுவதே இல்லை?

இதனால் சர்ஜன்கள் வரவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கை 2004 முதல் 2017 வரை நடத்திய டோபி காஸ்க்ரோவும் இதய சர்ஜன்தான். அங்கே துறைவாரியாக சிகிச்சை முடிவுகளைப் புத்தகமாகவே போட்டார்கள், யாரும் வாங்கிப் பார்க்கலாம். டாக்டர்களுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம்தான், வருஷா வருஷம் மதிப்பீடு உண்டு. தொழில் ஒன்றே, பதவியும் ஏறக்குறைய ஒன்றே. பிரிஸ்டலில் எண்கள் ஒரு மயக்க மருத்துவரின் கையில் முடங்கிக் கிடந்தன, இங்கே அச்சேறி வெளியே வந்தன.

ஆகவே ஒரு சர்ஜனை மருத்துவ இயக்குநராக நியமிக்கும்போது அவருடைய பட்டமும் பயிற்சிச் சான்றிதழும் இருக்கட்டும். நான் கேட்பது இரண்டே கேள்விகள். அவர் இன்னும் கத்தி பிடிக்கிறார் என்றால் அவருடைய முடிவுகளைப் பார்ப்பது யார்? அவர் மேலேயே புகார் வந்தால் அதை வாங்குவது யார்? இரண்டுக்கும் அவர் பெயரே பதிலாக வந்தால், அந்த நியமனத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. குடாலின் 25 சதவீதத்துக்குள் இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடமில்லை.