வெண்பா: கையடக்கக் கருவியில் ஒரு தமிழ் விளையாட்டு

வெண்பா, கனடாவின் டொராண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய கதைவழிச் சமையல் விளையாட்டு. 2023 ஜூலை 31 அன்று விண்டோஸ் கணினி, நிண்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றுக்கு வெளியானது. 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும், அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதையும் பெற்றது.

கதையும் ஆட்டமும்

1980களின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் இணையரையும் அவர்கள் மகன் கவினையும் பற்றியது கதை. வெண்பாவின் அம்மா தந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் மைகலைந்தும் இருக்கிறது. விடுபட்ட படிநிலைகளை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வானொலியில் ஒலிக்கும் பாடல்கள் வெவ்வேறு காலத் தமிழ்த் திரையிசையின் பாணியில் அமைந்தவை.

இட்லித் தட்டுகளை ஆவி மேலேறும்படி எப்படி அடுக்குவது என்பது முதல் புதிர். தமிழ் வீட்டில் வளர்ந்தவருக்கு இது புதிரே அல்ல. அவர் யோசிப்பதில்லை, நினைவுகூர்கிறார். பிறருக்கு அது கண்டுபிடிப்பு. ஒரே ஆட்டம் இருவருக்கு இரண்டு அனுபவங்களைத் தருவது இதன் வலிமை. தவறினால் இழப்பு எதுவுமின்றி மீண்டும் முயலலாம் என்பதால், சமையல் தெரிந்தவருக்கு ஆட்டம் மிக எளிதாகிவிடுவது இதன் குறை. வளர்ந்த கவின் தமிழ்க் குறிப்பைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பகுதியே சிறந்தது. அங்கே புதிரின் கடினம் மொழியிழப்பிலிருந்து நேரடியாகப் பிறக்கிறது.

கண்டடைதல்

புதுச்சேரியில் உள்ள ஒரு மாணவர் இதைக் கையடக்கக் கருவியில் விளையாட விரும்பினால் முதல் தடை கடையிலேயே தொடங்குகிறது. இணையக் கடைகளில் விளையாட்டின் பெயர் ரோமன் எழுத்தில் உள்ளது. ஸ்விட்ச், ஸ்டீம் ஆகியவற்றின் முகப்பு மொழிகளில் தமிழ் இல்லை. கடைகள் சரக்கை மொழிவாரியாக அல்ல, நாடுவாரியாகவே பிரிக்கின்றன. வெண்பா வெளிவந்தபோது நிண்டெண்டோ இ-ஷாப்புக்கு இந்தியக் கிளை இல்லை. இந்தியாவில் உள்ளவர் கணக்கில் வேறொரு நாட்டைத் தேர்ந்து, அந்நாட்டு நாணயத்தில் வாங்க வேண்டியிருந்தது.

நாட்டைத் தேர்வது புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இங்கிருந்தோருக்குத் தரப்பட்டது. அவ்வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்களின் குடும்பங்கள் இன்றும் நகரில் உள்ளன. பிரான்சில் உறவினர் இருக்கும் வீட்டுக்கு யூரோக் கடை எட்டும் தூரத்தில் இருக்கலாம். அடுத்த வீட்டுக்கு அப்படியில்லை. ஒரே தெருவில் ஒரே மொழி பேசும் இருவருக்கு ஒரு தமிழ்க் கதை சமமாகக் கிடைக்காமல் போவது இப்படித்தான்.

நிறுவுதல்

விண்டோஸ் கையடக்கக் கருவிகள் இதைச் சற்று எளிதாக்கின. ஆசுஸ் ராக் அலை 2023 ஜூலையில் இந்தியாவில் 69,990 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. அதில் ஸ்டீம் செயலியை நிறுவி, ரூபாயில் விளையாட்டை வாங்கி, இறக்கிக்கொள்ளலாம். ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியில் வெளியானபோது விற்பனை நாடுகளில் இந்தியா இல்லை. அதன் இயங்குதளம் லினக்ஸ் அடிப்படையிலானது. விண்டோஸ் விளையாட்டுகளை அதில் புரோட்டான் என்னும் இடைநிலை மென்பொருள் இயக்குகிறது. ஆகவே வாங்குமுன் அந்த விளையாட்டுக்குத் தரப்பட்டுள்ள பொருத்தக் குறியீட்டைப் பார்ப்பது நல்லது. விலையைக் கவனித்தால், ஒன்றரை மணி நேரக் கதைக்கு இக்கருவிகள் பெரும் செலவு. சாதாரண மடிக்கணினியே போதும்.

மதிப்பீடு

வெண்பாவின் மையப்பொருள் கைமாறும் குறிப்பேடு. அம்மாவிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து மகனுக்கும் அது செல்கிறது. கிழிந்தாலும் படிக்க முடிகிறது. ஆனால் அந்தக் கதையைச் சொல்லும் விளையாட்டை இப்படிக் கைமாற்ற முடியாது. இறக்கி நிறுவும் விளையாட்டில் வாங்கப்படுவது பயன்பாட்டு உரிமம் மட்டுமே. அது ஒரு கணக்கோடு கட்டப்பட்டது. ஸ்டீம் கணக்கைப் பிறருக்கு மாற்றித்தர விதிகள் இடம் தருவதில்லை. 2024இல் வந்த ஸ்டீம் குடும்ப வசதி ஒரே வீட்டில் ஆறு பேர் வரை பகிர உதவுகிறது, ஆனால் அது பகிர்வு மட்டுமே. நிண்டெண்டோ 3டிஎஸ் கருவியின் இ-ஷாப் 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்தியது. அங்கே மட்டும் கிடைத்த விளையாட்டுகளை அதன்பின் எவரும் புதிதாக வாங்க இயலவில்லை.

1827இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தின் புத்தகத்தை நகரத்தார் எவரும் எடுத்துப் படிக்கலாம். தமிழ் வாழ்வைச் சொல்லும் விளையாட்டுகளுக்கு அத்தகைய அலமாரி இல்லை. புலம்பெயர் வாழ்வின் மொழியிழப்பை வெண்பா நேர்மையாகப் பதிவு செய்கிறது. அந்தப் பதிவு அடுத்த தலைமுறைக்குக் கிடைக்குமா என்பது கடைகளின் கையில் இருக்கிறது. நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுகளையும் பாதுகாக்க வேண்டிய ஆவணங்களாகக் கருதத் தொடங்குவதே இதற்கு வழி.