நான்கு மொழிகளில் ஒரே வாசகம்: சிங்கப்பூரின் இன நல்லிணக்கப் பிரசாரங்கள்

சிங்கப்பூரில் ஆங்கிலம், மாண்டரின், மலாய், தமிழ் ஆகிய நான்கும் அதிகாரத்துவ மொழிகள். இன நல்லிணக்கம் குறித்த அரசுப் பிரசாரங்களும் இந்நான்கு மொழிகளில் வருவது வழக்கம். பெரும்பாலும் அவை ஒரே வாசகத்தின் மொழிபெயர்ப்புகள். ஆனால் இன வெறுப்பு அவ்வாறு மொழிபெயர்க்கப்படுவதில்லை. ஒவ்வொரு மொழியிலும் அதற்குத் தனிச் சொற்கள் உண்டு.

மலாயில் 'கெலிங்' என்ற சொல் ஒருகாலத்தில் இந்தியரைக் குறிக்கும் வெறும் பெயர்ச்சொல்லாக இருந்தது. கலிங்கம் என்ற நாட்டுப்பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் அச்சொல் இன்று வசை. சீனர் சிலர் இந்தியரைக் கேலி செய்ய 'அப்பு நேநே' என்பர். குழந்தைகளுக்குப் பூச்சாண்டி காட்டவும் அதுவே பயன்பட்டது. தமிழரும் விலக்கல்லர். 'சப்பை மூக்கு' என்ற கேலி தமிழ்ப் பேச்சில் சாதாரணமாகப் புழங்குகிறது. 'அப்பு நேநே' பற்றி மாண்டரினிலும், 'சப்பை மூக்கு' பற்றித் தமிழிலும் பேசியிருந்தால் அது பன்மொழிப் பிரசாரம். ஒற்றுமையாக இருங்கள் என்று நால்வரிடமும் தனித்தனியே சொல்வதில், தவறு அடுத்த வீட்டாருடையது என்று எண்ணிக்கொள்ள ஒவ்வொருவருக்கும் இடமிருக்கிறது.

சொற்களை விட்ட பிரசாரம் ஆடைகளைப் பிடித்துக்கொண்டது. 1964 ஜூலை 21 அன்று மூண்ட கலவரத்தின் நினைவாக, பள்ளிகளில் 1997 முதல் இன நல்லிணக்க நாள் கொண்டாடப்படுகிறது. மாணவர்கள் சேலையிலும் சியோங்சாமிலும் பாஜு குரோங்கிலும் வருவார்கள். கலவரத்தில் பலர் உயிரிழந்தனர் என்பது அந்த வண்ணங்களுக்கிடையே மங்கிவிடுகிறது.

2019 ஜூலையில் வந்த ஈ-பே மின்கட்டண விளம்பரம் இந்த அணுகுமுறையின் நீட்சி. மின்கட்டணம் எல்லா இனத்தவருக்கும் உரியது என்று காட்டவே அது எடுக்கப்பட்டது. ஆனால் சீன நடிகர் டென்னிஸ் சியூ ஒருவரே நான்கு வேடங்களில் தோன்றினார். முக்காடிட்ட மலாய்ப் பெண்ணும் அவரே. தோல் கறுப்பாக்கப்பட்டு, 'கே. முத்துசாமி' என்ற பெயர்ப்பட்டையுடன் நின்ற இந்தியரும் அவரே. கண்டனம் எழுந்தபின் விளம்பரம் விலக்கப்பட்டது. தயாரித்தவர்கள் மன்னிப்புக் கேட்டனர். அதை வசைமொழியுடன் சாடி ஆங்கில ராப் காணொளி வெளியிட்ட பிரீத்தி நாயர், சுபாஷ் நாயர் என்ற உடன்பிறப்புகளுக்கு 24 மாத நிபந்தனையுடன் காவல்துறை எச்சரிக்கை விடுத்தது. விளம்பரமோ இணைய நடத்தை விதிகளை மீறவில்லை என்று ஊடக ஆணையம் முடிவு செய்தது.

இவ்வகை முயற்சிகளில் சி.என்.ஏ. அலைவரிசையின் 2016ஆம் ஆண்டு ஆவணப்படம் சற்று மாறுபட்டது. ஜனில் புதுச்சேரி தொகுத்த அந்நிகழ்ச்சி, மக்களிடம் அவர்களது முன்முடிவுகளை நேரடியாகக் கேட்டது. எனினும் அது ஆங்கிலத்தில் நடந்தது. வீட்டுக்குள் தாய்மொழியில் சொல்லப்படும் கேலி அங்கே ஆங்கிலத்தில் நாகரிகமாகி வந்தது.